ஏரிக்காகப் போட்ட கவாத்து

என் அக்காவை யாராவது "தங்கமான மனுசி" என்று சொன்னால், இன்றைக்கும் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். வாயைத் திறந்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. "கடைக்கு வர்றவங்க பருப்பு வாங்க வர்றாங்க, உன்ற வயித்தெரிச்சல வாங்க வரல" என்பார் என் வீட்டுக்காரர். அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது நடுவில் புகுந்து "விடு அம்மிணி, பழைய கதை" என்று யாரும் சொல்ல முடியாதல்லவா?

மஞ்சூர் பஸ் ஏறிப்போகிற பாதையில், ஒரே ஒரு தெரு பஜார் எங்கள் ஊர். தெருவின் நடுவில் எங்கள் மளிகைக் கடை, கடைக்குப் பின்னால் வீடு. பஜாருக்கு மேலே, மலைகளுக்கு நடுவில் ஒரு ஏரி இருக்கிறது. ஊட்டியில் படகு விடுகிற ஏரியை நினைத்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கரையில் நின்று கூப்பிட்டால் அந்தக் கரையில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான் அகலம். ஆனால் பஜாருக்கும், கீழே எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கும் குடிதண்ணீர் அதிலிருந்துதான் குழாயில் இறங்குகிறது. வேறு தண்ணீர் கிடையாது.

ஏரியைச் சுற்றி நாலாபக்கமும் சரிவு, சரிவு முழுக்கத் தேயிலை. ஒரு பக்கம் ஹட்டிக்காரர்களுடையது, அதாவது மேலே இருக்கிற படகர் ஊர்க்காரர்களுடையது. எதிர்ப்பக்கம் என் அக்கா வீட்டுக்காரருடையது. அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடை மாமாவின் தேயிலைக்கு நடுவில்தான் இறங்கும். அந்தச் சரிவு நன்றாக இருந்தால் ஏரி நன்றாக இருக்கும். இது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

நாங்கள் இருவரும் அன்னூர்ப் பக்கத்துப் பெண்கள். அங்கே தண்ணீர் உப்புக் கரிக்கும், அதற்கும் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். அக்காவைத்தான் முதலில் இந்த மலைக்குக் கட்டிக்கொடுத்தார்கள். சில வருடம் கழித்து பஜார் மளிகைக்கடைப் பையனை எனக்குப் பேசி முடித்ததும் அவள்தான். குளிருக்குப் பயந்து நான் மாட்டேன் என்று அழுதபோது, "தண்ணிக்காச்சும் வா புள்ள. கொழாயத் தொறந்தா கல்கண்டாட்டம் வரும்" என்றாள். வந்தேன். பொய் சொல்லவில்லை அவள். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகிற வேகத்தைப் பார்த்து முதல் நாள் நான் சிரித்தே விட்டேன்.

பிறகு தேயிலை விலை விழுந்தது. அந்த வருடங்களை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அனுபவிக்காதவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன்: பறிக்கிற ஆளுக்குக் கொடுக்கும் கூலி, பறித்த இலைக்குக் கிடைக்கும் விலையைத் தாண்டிப் போய்விட்டது. பேக்டரிகள் வாரத்தில் பாதி நாள் இலை வேண்டாம் என்றன. சாக்கில் கட்டிய இலை ரோட்டோரத்தில் சூடேறிக் கறுத்துக் கிடந்தது. எஸ்டேட்டுகளில் ஆட்களுக்கு வேலை நாளைக் குறைத்தார்கள். எங்கள் கடையில் எண்ணெய் வாங்குகிறவர்கள் சின்ன பாட்டிலோடு வர ஆரம்பித்தார்கள்.

சின்னத் தோட்டக்காரர்கள் என்ன செய்வார்கள்? தேயிலையைப் பிடுங்கிவிட்டு கேரட்டும் பூண்டும் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வயிறு என்று ஒன்று இருக்கிறதே. ஆனால் ஏரிக்கு மேலே வடக்கு மூலையில் ஒருவர் கேரட் போட்ட வருடம்தான் எங்கள் குழாயில் முதல்முதலாகச் செம்மண் தண்ணீர் வந்தது.

தேயிலை மட்டும் என்ன, சாமியா? சோலைக்காட்டை வெட்டித்தான் அதுவும் வந்தது. இருந்தாலும் தேயிலை ஒரு தடவை வேர் பிடித்தால் மண்ணை விடாது. கேரட்டுக்கு ஒவ்வொரு போகத்துக்கும் மலையைக் கொத்திப் புரட்ட வேண்டும், கோழி எரு கொட்ட வேண்டும், மருந்து அடிக்க வேண்டும். மழை வந்தால் அத்தனையும் வழித்துக்கொண்டு ஏரிக்குள் இறங்கும். பிடுங்கிய கேரட்டை ஓடையில் போட்டுக் கழுவுவார்கள், அந்தக் கழுநீரும் இறங்கும். நாங்கள் அதைத்தான் குடித்தோம்.

என் மகளுக்கு மஞ்சள் காமாலை வந்தது அந்த மழைக்காலத்தில்தான். அப்போது அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த புதிது. லைன் வீடுகளிலும் நிறையப் பேருக்கு வந்தது. ஊட்டி ஆஸ்பத்திரியில் பிள்ளையைச் சேர்த்தோம். வீட்டுக்காரர் கடையைப் பார்க்க வேண்டும் என்பதால் அக்காதான் வந்து என் கூடவே இருந்தாள். அவளுக்கும் வீட்டில் இரண்டு பையன்கள், மாடு, மாமியார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தாள். பிள்ளையின் கண் மஞ்சளாக இருப்பதைப் பார்த்து நான் அழுதால் என்னை வெளியே அனுப்பிவிட்டு அவள் கஞ்சி ஊட்டுவாள். ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "யாரு என்ன பண்ணாலும் பண்ணட்டும். நம்ம சரிவுல மம்முட்டி விழுகாது அம்மிணி. இது என்ற புள்ள மாதிரி."

அதை நான் நம்பினேன். கூடப்பிறந்தவள் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் நம்பாமல் என்ன செய்வது?

மகள் தேறி வீட்டுக்கு வந்ததும் நான் சும்மா இருக்கவில்லை. பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன். "அவங்க பட்டா நெலம், அவங்க என்ன வேணா போடுவாங்க" என்றார்கள். சரி, நாமே பேசிக்கொள்வோம் என்று, பஜார்ப் பெண்களும் லைன் வீட்டுப் பெண்களும் சேர்ந்து ஏரியைச் சுற்றி நிலம் வைத்திருப்பவர்களை மாரியம்மன் கோயில் முன்னால் கூப்பிட்டோம். எல்லோரும் வந்தார்கள். தண்ணீர் விஷயம் என்றால் வராமல் இருக்க முடியுமா, அவர்கள் பாதிப் பேர் குடிப்பதும் அதைத்தானே.

ஹட்டியிலிருந்து வந்த பெரியவர், தலையில் முண்டாசு, பேச்சு குறைவு. அவர் நேராகவே கேட்டார்: "எலை பறிக்கக் கூலி எங்க? பறிக்காம உட்டா செடி மரமாப் போயிரும். அப்பறம் புடுங்காம என்ன பண்றது?"

அப்போதுதான் எனக்கு எங்கள் அன்னூர்ப் பக்கத்து வழக்கம் ஞாபகம் வந்தது. அங்கே களை வெட்டவும் கடலை பிடுங்கவும் ஆள் கூலி கொடுக்க முடியாத வீடுகள் கைமாற்று ஆள் விடும். இன்றைக்கு நீ என் காட்டுக்கு, நாளைக்கு நான் உன் காட்டுக்கு. நான் எழுந்து சொல்லிவிட்டேன்: "நாங்க வந்து சும்மா பறிச்சுத் தர்றோமுங்க. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம. எலை உங்களுது, கூலி வேண்டாம். அதுக்குப் பதிலா ஏரிக்குப் பாத்த சரிவுல யாரும் தேயிலையப் புடுங்கக் கூடாது, ஓடைல கேரட்டு கழுவக் கூடாது. எங்க கை உங்களுக்கு, உங்க தண்ணி எங்களுக்கு."

முதலில் கையைத் தூக்கி "எனக்குச் சம்மதமுங்க" என்றது யார் தெரியுமா? என் மாமா. அவர் சொன்னதும் மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள். வடக்கு மூலைக்காரர்கூட அடுத்த போகம் தேயிலை நாற்று வைக்கிறேன் என்றார். சூடம் ஏற்றி எல்லோரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம்.

வீட்டில் என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "அடி கூறு கெட்டவளே, தேயிலைய எந்தப் பக்கம் கிள்ளறதுன்னு தெரியுமா உனக்கு?" தெரியாதுதான். எனக்கு மட்டுமல்ல, பஜார்ப் பெண்கள் யாருக்குமே தெரியாது. லைன் வீட்டுப் பெண்கள்தான் கற்றுக்கொடுத்தார்கள். அதில் ஒரு அம்மா சிலோனிலிருந்து திரும்பி வந்தவர், வாழ்நாள் முழுக்கக் கொழுந்து எடுத்தவர். முதல் ஞாயிற்றுக்கிழமை சேலை கிழியாமல் இருக்க இடுப்பில் சாக்குப் படங்கைக் கட்டிக்கொண்டு வந்து நின்று, "இந்தா பாரு தங்கச்சி, அங்கனயும் மலை ஏறுனேன், இங்கனயும் ஏறுனேன். சம்பளம் இல்லாம ஏறுறது இதான் மொதத் தடவ. யார் மூஞ்சிக்காக ஏறுறேன்னு நெனச்ச? ஒன் மூஞ்சிக்காக" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகள் நன்றாக இருந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கையெல்லாம் தேயிலைக் கறை, கால் முழுக்க அட்டைக் கடி. சிலோன் அம்மா என் கூடையைப் பார்த்துவிட்டு, "இது கொழுந்தா, கீரைக்கட்டா?" என்று கேட்பார். அக்கா எப்போதும் எனக்குப் பக்கத்து வரிசையில் நின்று பறிப்பாள். தன் தோட்டத்தில் மட்டுமல்ல, ஹட்டிக்காரர்கள் தோட்டத்துக்கும் வருவாள். மத்தியானம் பெரிய போசியில் டீ போட்டுக் கொண்டுவந்து, வர்க்கி பிஸ்கட்டோடு எல்லோருக்கும் கொடுப்பாள். ஒரு மழைக்காலம் போனது, இன்னொன்றும் போனது. குழாயில் செம்மண் வரவில்லை. என் மகளின் பள்ளிக்கூடத் தண்ணீர் பாட்டிலை நான் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, சும்மாவே மூடிக் கொடுப்பேன். காய்ச்சுவதைக்கூட நிறுத்திவிட்டேன்.

மாமா அடிக்கடி ஒன்று சொல்வார்: "நம்மளப் பத்திக் கவல இல்ல. இந்த ஹட்டிக்காரங்கதான் எப்ப வேணா மாறுவாங்க. ஒரு கண்ணு வெச்சுக்கோங்க." நாங்களும் முட்டாள்தனமாக அந்தப் பக்கமே கண்ணை வைத்துக்கொண்டிருந்தோம். ஹட்டிப் பெரியவர் தோட்டத்தில் யாராவது புது ஆள் நின்றால்கூட ஓடிப்போய் விசாரிப்போம். அவர் சிரிப்பார்.

அப்புறம் ஒரு சித்திரை மாதம் மாமா கடைக்கே வந்து சொன்னார். "இந்த வருசம் கவாத்துப் போடலாம்னு இருக்கறனுங்க. மட்டக் கவாத்து. ஆளுதான் இல்ல."

கவாத்து என்றால் செடியை வெட்டி விடுவது. சில வருடத்துக்கு ஒரு தடவை வெட்டினால்தான் தேயிலை புதிதாகத் தழைக்கும். மட்டக் கவாத்து என்றால் முழங்காலுக்கும் கீழே, கட்டையோடு வெட்டுவது. வெட்டினால் மாதக்கணக்கில் அந்தச் செடியிலிருந்து ஒரு இலை கிடைக்காது. வருமானமே இல்லாமல் காத்திருக்க வேண்டும். ஆனால் அதற்குப் பிறகு பல வருடத்துக்குத் தோட்டம் நின்று பேசும். தேயிலை ஊரில் இருப்பவர்களுக்கு இது ஒரு கணக்கு. கவாத்துப் போடுகிறவன் தோட்டத்தை விட மாட்டான். விடுகிறவனாக இருந்தால் கிடைத்த வரைக்கும் இலையைப் பறித்துத் தின்றுவிட்டுப் போவான், எதற்கு வெட்டிவிட்டுக் காத்திருக்கப் போகிறான்? மாமா கவாத்து என்று சொன்னதும் எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்: "நம்ம ஏரிக்கு இன்னும் பல வருசம் கவலை இல்லீங்க. கவாத்துப் போடறாங்க!"

கவாத்து ஆண்கள் வேலை. எஸ்டேட்டில் வேலை குறைந்த லைன் வீட்டு ஆண்கள் தங்கள் கவாத்துக் கத்தியோடு வந்தார்கள். என் வீட்டுக்காரர், இத்தனை நாள் என்னைக் கிண்டல் செய்தவர், அன்றைக்குக் கடையை அடைத்துவிட்டு வந்தார். முதலில் பெண்கள் எல்லோரும் இலையைப் பறித்தோம். "முத்தல், கொழுந்து எல்லாத்தையும் உருவிருங்க, எப்படியும் வெட்டப் போறதுதான" என்றார் மாமா. உருவினோம். பின்னாலேயே ஆண்கள் வெட்டிக்கொண்டு வந்தார்கள். வழக்கமாக வெட்டிய குச்சியைச் செடிக்கடியிலேயே போட்டுவிடுவார்கள், மண் காயாமல் இருக்க. மாமா, "அடுப்புக்கு ஆகுமுங்க, எல்லாரும் எடுத்துக்கோங்க. ஒரு குச்சி விடாம எடுத்துக்கோங்க" என்றார். பழம் நழுவிப் பாலில் விழுந்ததாக நினைத்தோம். சிலோன் அம்மா தலையில் சுமந்துகொண்டு போன கட்டைப் பார்த்து, இந்த வயதில் இவ்வளவு பாரமா என்று நான்கூட ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா என் பக்கத்து வரிசையில்தான் இருந்தாள். நாள் முழுக்க. "கை வலிக்குதா அம்மிணி?" என்று கேட்டாள். வலிக்கிறது என்றேன். என் விரலை எடுத்து வாயால் ஊதிவிட்டாள்.

அடுத்த வாரத்தில் ஒரு காலை, வானத்தில் மேகமே இல்லை. குழாயைத் திறந்தால் செம்மண். குழாய் எங்கேயோ உடைந்திருக்கும் என்று நினைத்து, பார்த்துவிட்டு வர மேலே ஏறினோம், நானும் என் வீட்டுக்காரரும் இன்னும் சிலரும். ஏரிக்கரை திரும்பும்போதே சத்தம் கேட்டது. மாமாவின் சரிவில் பொக்லைன் மெஷின் நின்றுகொண்டிருந்தது. நாங்கள் மொட்டையாக வெட்டிக்கொடுத்த கட்டைகளை ஒவ்வொன்றாகத் தோண்டிப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தது. குச்சி இல்லை, இலை இல்லை, மெஷினுக்குத் தடையாக ஒன்றுமே இல்லை. பக்கத்தில் மாமாவும், மேட்டுப்பாளையம் காய்கறி மண்டியிலிருந்து வந்த ஒரு ஆளும் நின்றார்கள். எங்களைப் பார்த்ததும் மாமா மெஷினுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். சரிவில் விழுந்த மண் ஓடையில் சரிந்து, ஓடை செக்கச்செவேலென்று ஏரிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

நான் அக்கா வீட்டுக்கு ஓடினேன். அவள் சமையலறையில் உட்கார்ந்து பித்தளைப் பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இது?"

"சத்தம் போடாத. வெளிய ஆளுக இருக்காங்க. காப்பி குடிக்கறயா?"

"தேயிலையப் புடுங்கறாங்கக்கா!"

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

அவள் ஒரு சொம்பை எடுத்துச் சுற்றினாள். "தை மாசமே பேசி முடிச்சாச்சு. மண்டிக்காரருக்குக் குத்தகைக்கு விட்டாச்சு அம்மிணி. நாங்க காரமடைக்குப் போறோம். பசங்க படிப்பப் பாக்கோணுமில்ல."

தை மாதம். அதற்குப் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் நின்று பறித்திருக்கிறாள், எத்தனை போசி டீ போட்டிருக்கிறாள்!

"அப்பறம் கவாத்து எதுக்குக்கா?"

"சுத்தமா வெட்டிக் குடுத்தாத்தான் எடுத்துக்குவேன்னுட்டாங்க. ஆளு வெச்சு வெட்டறதுக்கு எங்க கையில என்ன கெடக்குது? நீங்களாத்தான வந்தீங்க."

நீங்களாத்தான வந்தீங்க! ஏமாந்த சோணகிரிகள் நாங்கள், ஏரியைக் காப்பாற்றுகிறோம் என்று கத்தியை எடுத்துக்கொண்டு போய், ஏரியைக் கொல்ல வருகிறவனுக்குப் பாதை வெட்டிக் கொடுத்திருக்கிறோம். இலவசமாக. போதாததற்கு வீடு வீடாகப் போய்ச் சந்தோஷச் செய்தி சொன்னவள் நான்.

"மொதல்லயே எங்கிட்டச் சொல்லிருக்கலாமே?"

"சொன்னா உட்டிருப்பயா?"

விட்டிருக்க மாட்டேன். அது அவளுக்கும் தெரியும்.

"என்ற புள்ள ஆஸ்பத்திரில கெடந்தப்ப நீதானக்கா பக்கத்துல உக்காந்திருந்த? நம்ம சரிவுல மம்முட்டி விழுகாதுன்னு நீதான சொன்ன?"

அவள் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். "அதுக்குத்தான் சொல்றேன், நீயும் கெளம்பி வந்துரு. காரமடைல ஊடு பாக்கச் சொல்றேன். இந்தத் தண்ணியக் குடிச்சுட்டு அந்தப் புள்ளைய வெச்சுட்டு ஏன் இங்க கெடக்கோணும்?"

நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அறுத்துவிட்டுக் கட்டுப்போடத் துணியும் தருவார்கள் என்று யாரும் சொன்னதில்லை. நான் வெளியே வந்து மண்ணை வாரித் தூற்றக் குனிந்தேன். என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். வழியெல்லாம் அவர் ஒன்றுதான் சொன்னார்: "தாயும் புள்ளயும் ஆனாலும் வாயும் வயிறும் வேற அம்மிணி." எனக்கு அந்தப் பழமொழியைக் கேட்டாலே இப்போது எரிச்சல் வருகிறது.

ஆனி மாத மழையில் அந்தச் சரிவு பாதி ஏரிக்குள் வந்தது. அதைவிட மோசமானது ஒன்று நடந்தது. எனக்கு இது முன்னாலேயே தெரியாது என்பதை ஊரில் யாரும் நம்பவில்லை. "கூடப் பொறந்தவளுக்குத் தெரியாமயா இருந்திருக்கும்?" என்று பஸ் நிறுத்தத்தில் என் காதுபடவே பேசினார்கள். "ஊருக்குத்தான் உபதேசம், அக்காளுக்கு இல்ல" என்று இன்னொருத்தி. குத்தகைப் பணத்தில் எங்களுக்குப் பங்கு வந்ததாகக்கூடச் சொன்னார்கள். வடக்கு மூலைக்காரர் தேயிலை நாற்றை விட்டுவிட்டு மறுபடி கேரட் போட்டார். கேட்கப் போனேன். "உங்கக்காகிட்ட மொதல்ல கேட்டுட்டு வாங்க" என்றார். திரும்பி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பறிப்பு நின்றுபோனது. சிலோன் அம்மா மட்டும் ஒரு நாள் கடைக்கு வந்து, சீனி வாங்கிக்கொண்டு நின்றார். "எங்களுக்கு இது புதுசில்ல தங்கச்சி. எத்தனையோ பேரு எங்கள ஏமாத்தியிருக்காங்க. ஆனா நீ கூப்புட்டுத்தான் நாங்க வந்தோம்" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை.

நாங்கள் ஒரு கண் வைத்திருந்த ஹட்டிப் பெரியவர் இருக்கிறாரே, அவர் தன் சரிவில் இன்று வரைக்கும் தேயிலையைப் பிடுங்கவில்லை. பறிக்க ஆளில்லாமல் அது மரமாக வளர்ந்து நிற்கிறது. அவர் பக்கத்து மண் மட்டும் ஏரிக்குள் இறங்குவதில்லை. அவரிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைப்பேன், எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? ரோட்டில் பார்த்தால் இப்போதும் அவர் சிரிக்கத்தான் செய்கிறார்.

இப்போது ஊரே தண்ணீரைக் காய்ச்சுகிறது. வேட்டித் துணியில் வடிகட்டி, காய்ச்சி, ஆற வைத்து, அடியில் படிந்ததைக் கொட்டிவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் எடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் கேஸ் இருக்கிறது. லைன் வீடுகளில் விறகுக்கு அலைந்து காய்ச்ச வேண்டும், எல்லோராலும் தினமும் முடிகிறதா? ஒவ்வொரு மழைக்காலத்திலும் அங்கே யாருக்காவது கண் மஞ்சளாகிறது. நான் போய்ப் பார்ப்பேன். பார்த்துவிட்டு வருவேன். அவ்வளவுதான் என்னால் முடிகிறது.

அக்காவோடு பேச்சு வார்த்தை இல்லாமல் வருடங்கள் போயின. போன மாதம் அவளே வந்தாள். மூத்த மகனுக்குக் கல்யாணம், பத்திரிகை வைக்க வந்திருந்தாள். மாமா வரவில்லை. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம், எல்லாம் முறையாகக் கொண்டுவந்திருந்தாள். முடி நரைத்திருந்தது, நன்றாகச் சதை போட்டிருந்தாள். பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் "வாங்க, வாங்க" என்று வரவேற்றார். நானும் "வாங்க" என்றேன். எப்போதும் அவளை நீ, வா, போ என்று பேசியவள் நான். அவள் முகம் சுருங்கியது, ஆனாலும் உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்தவளுக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருக்க முடியுமா? உள்ளே போய் டம்ளரில் மொண்டு கொண்டுவந்து கொடுத்தேன். என் மகளுக்கென்று காலையிலேயே வடிகட்டி, காய்ச்சி, ஆற வைத்திருந்த தண்ணீர்.

பஸ்ஸில் வளைவு வளைவாக ஏறி வந்திருக்கிறாள், தாகம் இருக்கும். டம்ளரை வாங்கி வாய்க்குக் கொண்டுபோனாள். பாதியில் நிறுத்தி, உள்ளே பார்த்தாள்.

"காய்ச்சுனதா, அம்மிணி?"

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். என் மகள் கதவருகில் நின்று என்னையே பார்த்தாள்.

"இல்லீங்கக்கா. கொழாத் தண்ணிதான். உங்க ஓடைல இருந்து நேரா வருது, குடிங்க" என்றேன்.

அவள் டம்ளரைப் பத்திரிகைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். கல்யாண மண்டபம் எங்கே, எந்த பஸ்ஸில் வர வேண்டும் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்ல ஆரம்பித்தாள். எழுந்து போகும்வரை அந்தத் தண்ணீரை அவள் தொடவில்லை.